கட்டைவிரல் பள்ளம்

மடியில இருக்கறது இடிக்குதுங்களா? சித்தெ இப்பிடித் திருப்பி வெச்சுக்கறேன். வெடிகுண்டெல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க. பல்லடத்துல நான் ஏறறப்பக் கண்டக்டரும் இப்பிடித்தான் மொறச்சு மொறச்சுப் பாத்தாரு. துண்டப் பிரிச்சுக் காட்டறேன், நீங்களே பாருங்க. மாவுங்க. கை கால் ஒடஞ்சா மாவுக்கட்டு போடறாங்கல்லீங்க, அதே மாவு. முட்டி இருக்குது, அதுக்குக் கீழ ஒரு சாண் இருக்குது, அதோட முடிஞ்சுபோச்சு. காலுதானுங்க. என்ற ஊட்டுக்காரியோட காலு.

ஐயோ, நெசக் கால் இல்லீங்க. மாடல்னு சொல்லுவோம். நான் செயற்கைக் கால் செய்யற ஆளு. பேரு சென்னியப்பன். கோயமுத்தூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல இருவத்திரண்டு வருசமா இதே சோலிதான். நீங்க எது வரைக்கும்? தாராபுரமா? வண்டி அதையும் தாண்டி ஒட்டஞ்சத்திரம் போகுதாமா. நான் தாராபுரத்துக்கு முன்னாலயே, குண்டடமுங்க. என்ற கொழுந்தியா ஊடு அங்கதான். ஊட்டுக்காரி வசந்தாமணி நாலு மாசமா அங்கயே உக்காந்திருக்கறா. கூட்டிக்கிட்டு வரலாம்னு போறேன். நான் வாரது அவளுக்குத் தெரியாது. குண்டடம் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, பேச்சுல உட்டுப்போடுவேன்.

சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்களுக்குள்ள ஒரு வார்த்தை தடிச்சது கெடையாது. கால்ல காத்து போகுதுன்னா, அவ்வளவுதான்.

காத்துன்னா உங்களுக்கு எப்பிடிச் சொல்றது. செயற்கைக் கால் எதைப் புடிச்சுக்கிட்டு ஒடம்புல நிக்குதுன்னு நெனைக்கறீங்க? வார் போட்டுத் தொடையில கட்டறதெல்லாம் அப்ப. இப்ப வெறும் காத்து உறிஞ்சற புடிதான். சின்னப் புள்ளைங்க தம்ளரை வாயில வெச்சு உறிஞ்சினா கைய உட்டாலும் ஒட்டிக்கிட்டு நிக்குமில்ல, அதேதான். மிச்சமிருக்கற காலுக்கு ரப்பராட்ட ஒரு உறை. அதுக்கு மேல கிண்ணமாட்ட ஒரு சாக்கெட்டு. அதத்தான் நாங்க செய்யறது. அடியில ஒரு வால்வு. ஒவ்வொரு எட்டு வெக்கறப்பவும் உள்ள இருக்கற காத்து வால்வு வழியா வெளிய போயிரும், திரும்ப உள்ள வராது. முட்டிக்கு மேல வரைக்கும் ஸ்லீவுன்னு ஒரு குழாய் உறைய இழுத்து உட்டு மூடிப்போடுவோம். அவ்வளவுதான், ஆணி இல்ல, வார் இல்ல. உள்ள ஒண்ணுமே இல்லாத எடந்தான் அந்தக் காலப் புடிச்சுக்கிட்டு இருக்குது.

ஆனா அளவு துல்லியமா இருக்கோணும். ஒரு நூல் எச்சாப் போச்சுன்னாப் போதும், காலு உள்ள மேலயும் கீழயும் ஆடும். காத்து பூந்து பூந்து வெளிய வரும். வாரப்ப ஒரு சத்தம் வருமுங்க. சபையில சொல்ல முடியாத சத்தம். சிரிக்காதீங்க, நெசமாலுமே அதே சத்தந்தான். மத்த பேசன்டுக்கு வந்தா நாங்களே சிரிச்சுப்போடுவோம்.

அவளுக்கு நாலு சாக்கெட்டு செஞ்சு குடுத்தேனுங்க. நாலும் என்ற கையால செஞ்சது. வேற ஒருத்தரத் தொட உடல. ரெசின்னு ஒரு பசை, அத ஊத்தி, பம்பு போட்டுக் காத்த இழுத்து, அது எறுகற வரைக்கும் பக்கத்துலயே நின்னு, வெட்டி, தேச்சு, வெளிம்பை எல்லாம் கன்னத்துல வெச்சுப் பாத்துத்தான் குடுப்பேன். தண்ணிக்குள்ள முக்கிப் பாத்தா ஒரு காத்து முட்டை வராது. நாலும் சரியில்லீன்னு சொல்லிப்போட்டு, தாராபுரத்துல நேத்துப் படிச்சு வந்து சென்டர் போட்டிருக்கற நஸ்ரின்னு ஒரு பொண்ணுகிட்டப் போயி அஞ்சாவது செஞ்சு மாட்டிக்கிட்டா. ஒரு கொத்தனார் பொண்டாட்டி வேற கொத்தனாரக் கூப்புட்டு ஊடு கட்டுனா ஊரு என்னங்க சொல்லும்?

காலு எப்பிடிப் போச்சுன்னுதான கேக்க வாரீங்க. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. ரெண்டு வருசமாச்சு. சூலூரு தாண்டி, பகல் ரெண்டு மணி. நான் வண்டி ஓட்டறேன், அவ பின்னால உக்காந்திருக்கறா. லாரிக்காரன் கையும் காட்டல, லைட்டும் போடல, திடுதிப்புனு திருப்பிப்போட்டான். எனக்கு முழங்கையில தோல் போச்சு, அவ்வளவுதான். பாருங்க, தழும்புகூடச் சரியா இல்ல. அவளுக்கு எடது காலு. லாரிக்காரன் மேலதான் தப்புன்னு போலீஸ்காரரே எழுதிக்கிட்டாரு. கோர்ட்டுலயும் அதேதான். நான் ஹெல்மெட் போட்டிருந்தேனுங்க. ஹெல்மெட் போட்டா பின்னால இருக்கறவங்க பேசறது எங்கீங்க கேக்குது? எதிர்க்காத்து வேற. நீங்க வண்டி ஓட்டறவருதான, கேக்குமா சொல்லுங்க?

அதான்.

காயம் ஆறி மூணு மாசம் கழிச்சு ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். மத்தவங்கெல்லாம் சாப்படப் போன நேரம். ஸ்டூல்ல உக்கார வெச்சேன். அளவு எடுக்கறது எப்பிடின்னா, மாவு பேண்டேஜைத் தண்ணியில நனைச்சு, மிச்சக் கால்மேல சுத்திப்போட்டு, முட்டிச் சில்லுக்குக் கீழ நரம்பு ஒண்ணு ஓடும் பாருங்க, அதுக்கு ரெண்டு பக்கமும் கட்டவெரல வெச்சு அமுக்கிப் புடிச்சுக்கோணும். நாளைக்கு அவங்க ஒடம்புப் பாரம் முக்காவாசி அங்கதான் நிக்கும். அமுக்கிப் புடிச்சம்னா மாவு எறுகற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது. அஞ்சு நிமிசம். ஆடக் கூடாது. அவங்களும் ஆடக் கூடாது, நாமளும் ஆடக் கூடாது. மாவு எறுகறப்பச் சூடு ஏறும், கைக்குள்ளயே தெரியும்.

மண்டி போட்டு உக்காந்திருக்கறேன். அவ மொகம் எனக்கு நேரா மேல இருக்குது. பேசன்டு கிட்ட நாங்க அப்ப ஏதாச்சும் பேச்சுக் குடுப்போம், எந்த ஊரு, என்ன சோலின்னு. அவகிட்ட எந்த ஊருன்னா கேக்க முடியும்? அவதான் கேட்டா.

"மாமா, மெதுவாப் போங்கன்னு சொன்னேனே. உங்களுக்குக் கேக்கலையா?"

கோவமாக் கேக்கலீங்க. உப்பு போதுமான்னு கேக்கறாப்புல கேட்டா.

நான் சொன்னேன், "ஆடாத அம்மிணி. அளவு போயிரும்"னு.

அவ ஆடவே இல்லீங்க. எறுகற வரைக்கும் புடிச்சிருந்து கழட்டி, அந்தக் கூட்டுக்குள்ள மாவு ஊத்தி இந்த மாடலை எடுத்தேன். அளவுன்னா அளவு, அப்பிடி ஒரு அளவு என்ற சர்வீசுல எடுத்ததில்ல. தோல்ல இருக்கற தையல் கோடுகூட உழுந்திருந்துச்சு. இந்தாங்க, தொட்டுத்தான் பாருங்களே. கூச்சப்படாதீங்க, மாவுதான். இந்தா இந்த ரெண்டு பள்ளம் என்ற ரெண்டு கட்டவெரலு. எடது வெரலுக்கு மட்டும் கொஞ்சம் ஆழம். அது ஒண்ணுமில்லீங்க, அப்பிடி ஆயிப்போச்சு.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குதுங்க. மாடல் மேல ரெசின் ஊத்தி சாக்கெட்டு செஞ்சு முடிச்சா, மாடல் உள்ளயே மாட்டிக்கும். உளியப் போட்டு உடைச்சுத்தான் எடுக்கோணும். மாடல் செத்தாத்தான் சாக்கெட்டு பொறக்கும்னு எங்க ராபின்சன் சொல்லுவான். ராபின்சன் என்கூட இருக்கறவன், வாய்க்காரன். ஒரு மாடலுக்கு ஒரு சாக்கெட்டு. அடுத்த சாக்கெட்டு வேணும்னா மறுக்காக் கால்ல அளவெடு.

எனக்கு இத உடைக்க மனசு வரலீங்க. இப்பிடி ஒரு அளவு மறுக்கா வருமா? அதனால நான் என்ன பண்ணுனேன்னா, இந்த மாடலுக்கு மேலயே ஈரப் பேண்டேஜைச் சுத்தி, எறுக உட்டு, கழட்டி, அதுக்குள்ள மாவு ஊத்தி ஒரு நகல் எடுத்துக்கிட்டேன். நகல்ல சாக்கெட்டு செஞ்சேன். நகலை உடைச்சேன். இது பத்தரமா இருந்துச்சு. ரெண்டாவது சாக்கெட்டுக்கும் அதேதான். மூணாவதுக்கும், நாலாவதுக்கும். ஒவ்வொரு தடவையும் அரை நாள் வேலை எச்சா. ஆரு செய்வாங்க சொல்லுங்க? ராபின்சன் அலமாரிகிட்ட நின்னுக்கிட்டுச் சிரிக்கறான். "ஏனுங்கண்ணா, அண்ணி உசுரோட ஊட்டுல உக்காந்திருக்காங்க. நீங்க இங்க கல்லுக்கு மாவுக்கட்டு போட்டுக்கிட்டு இருக்கறீங்க"ங்கறான். எல்லாத்துலயும் அவனுக்குக் கிண்டல்.

முதல் சாக்கெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. அஞ்சாறு மாசத்துல, "மாமா, தொளதொளன்னு இருக்குது"ன்னா. இருக்குந்தானுங்க. வெட்டுன காலு முதல் வருசம் சுருங்கிக்கிட்டேதான் இருக்கும். அதனாலதான் ஆறு மாசத்துக்கு ஒருக்காப் புதுசா அளவெடுக்கோணும். பேசன்டுகளுக்கு நான்தான் அதச் சொல்றது. வராதவங்கள போன் போட்டு வையறதும் நான்தான்.

அவளுக்கு சாக்ஸ் குடுத்தேன். உறைக்கு மேல ஒரு சாக்ஸ் போட்டா எடம் அடஞ்சுக்கும். ஒண்ணு போட்டா. பொறகு மூணு. பொறகு அஞ்சு. "புதுசாத்தான் ஒருக்கா அளவெடுங்களே மாமா"ன்னா. சரின்னு போயி இந்த மாடலை எடுத்து நகல் எடுத்து அடுத்த சாக்கெட்டு செஞ்சேன். நகல்ல லேசாச் சீவித்தான் விட்டேன், மேலால. ஒரு பக்கம் குத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அந்த எடது வெரல் பள்ளந்தான், மாடல்ல பள்ளம்னா சாக்கெட்டுக்குள்ள அது மேடு. அங்க ஒரு சிட்டிகை மாவு வெச்சு அடச்சாப் போதும், ரெண்டு நிமிச வேலை. நான் அந்த எடத்துல மட்டும் கை வெக்கல. ஏன்னா கேக்கறீங்க? அளவு அளவுதானுங்க. எடுத்தது எடுத்ததுதான்.

நான் அவளைக் கவனிக்காதவன்னு நெனச்சுப்போடாதீங்க. தெனமும் காலைல சாக்கெட்டை நான்தான் தொடச்சுக் குடுப்பேன். வால்வைக் கழட்டித் தண்ணியில அலசி, ஊதிப் பாத்து மாட்டுவேன். ஸ்லீவ்ல ஊசி ஓட்டை இருக்குதான்னு வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பேன். அவ காலைத் தவுத்து மத்ததெல்லாம் பளபளன்னு இருக்கும். காலை அவளே தொடச்சுக்குவா.

இந்தத் தை மாசம் கொழுந்தியா மகளுக்குக் கல்யாணமுங்க, குண்டடத்துலயே. மண்டபம் நெறையச் சனம். பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணறதுக்கு மேடை ஏறறா. அஞ்சு படி. ஒவ்வொரு படிக்கும் அந்தச் சத்தம். மேளக்காரங்க அப்பத்தானா வாசிப்பை நிறுத்தோணும்? மூணாவது படியிலயே முன்வரிசைப் புள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு உருளுதுங்க. பெரியவங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க, அதுதான் இன்னும் மோசம். அவளும் சிரிச்சுக்கிட்டே ஏறுனா. அரிசி போட்டா. சிரிச்சுக்கிட்டே எறங்குனா. நான் கைகழுவற எடத்துல நிக்கறேன், நேரா என்கிட்ட வந்தா.

"ஆறாவது சாக்ஸ் ஒண்ணு பையில இருக்குது, போட்டுக்கறயா?"ன்னு கேட்டேன்.

"மாமா, உங்களுக்கு என்ற காலைத் தொட முடியலீன்னா சொல்லிப்போடுங்க. நான் வேற ஆரையாச்சும் பாத்துக்கறேன்"னா.

நீங்களே சொல்லுங்க, தொடாமயா நாலு சாக்கெட்டு செஞ்சேன்?

கல்யாணம் முடிஞ்சு அவ வரலீங்க. பத்து நாள் இருந்துட்டு வாரேன்னா. பத்து நாள் மாசமாச்சு. நான் ஒண்ணுவிட்டு ஒரு நாள் போன் பண்ணுவேன். "சாக்ஸ் எத்தனை போட்டிருக்கறே? வால்வை அலசுனயா? தோல் செவந்திருக்குதா?" எல்லாம் விசாரிப்பேன். "நல்லா இருக்குது மாமா"ம்பா. அப்பறம் ரெண்டு பேரும் போனைக் காதுல வெச்சுக்கிட்டே இருப்போம். அவதான் வெப்பா. போன மாசம் ஒரு நாள் அவளாவே சொன்னா. "புதுசு மாட்டியாச்சு மாமா. அந்தப் பொண்ணு மூணு தடவ அளவெடுத்துது. ஒவ்வொரு தடவையும் வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுது"ன்னா. நாங்கூடத்தான் கேப்பேன், எல்லா பேசன்டையும் கேப்பேன். வலிக்கலீங்கறவங்கள நம்பக் கூடாது, மரத்துப்போன காலுதான் சீக்கிரம் புண்ணாகும்னு புதுசா வாரவங்களுக்குப் பாடம் எடுக்கறதே நான்தான். அவகிட்டக் கேட்டனான்னா, ஞாபகமில்லீங்க.

அதனாலதான் இத எடுத்துக்கிட்டுப் போறேன். அந்த சாக்கெட்டை வாங்கி இதுமேல மாட்டிப் பாத்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுபோயிரும். உள்ளயே போகாது, பாருங்க. அப்ப அவளே சொல்லோணும், மாமா நீங்க எடுத்ததுதான் சரியான அளவுன்னு. ராத்திரியெல்லாம் யோசன பண்ணி முடிவெடுத்தது. ஊட்டுல ஒருத்தனே உக்காந்திருந்தா டி.வி. சத்தங்கூடக் காதுல ஏறமாட்டேங்குது. சோறாக்கறேன், திங்கறேன், தட்டக் கழுவறேன். ருசி கிசி ஒண்ணும் தெரியறதில்ல. அது கெடக்குது.

குண்டடமுங்களா? வந்துருச்சா? எறங்கறேன், இத சித்தெ புடிங்க, செருப்ப மாட்டிக்கறேன்.

இருங்க.

இருங்க இருங்க. முன்வாசல்ல ஏறறா பாருங்க, பச்சைச் சேலை, தோள்ல பை. அவதானுங்க. வசந்தாமணி. எங்க போறா இந்நேரத்துக்கு? தாராபுரம் போறாளாட்ட இருக்குது.

பாத்தீங்களா எப்பிடி ஏறுனான்னு? பாக்கலையா? படி ஏறறப்ப நல்ல கால் முன்னால, எறங்கறப்ப செயற்கைக் கால் முன்னால. நான் சொல்லிக் குடுத்தது அதுதான், எல்லா எடத்துலயும் அதுதான் சொல்லிக் குடுப்பாங்க. அவ கம்பியைக்கூடச் சரியாப் புடிக்கல, செயற்கைக் காலை முதல்ல தூக்கி வெச்சு ஏறறா. மொத்த ஒடம்பையும் அந்தக் காலு மேல தூக்கறா. பஸ்சுப் படி எத்தனை ஒசரம்! அப்பிடி ஏறோணும்னா சாக்கெட்டு எப்பிடிப் புடிச்சிருக்கோணும் தெரியுமுங்களா? ஒட்டிப் பொறந்தாப்புல புடிச்சிருக்கோணும். அந்தப் பொண்ணு தொழில் தெரிஞ்சவதானுங்க. ஒத்துக்கறேன்.

இல்லீங்க, எறங்கல. உக்காந்துக்கறேன். குடுங்க அத. கண்டக்டர்! தாராபுரம் ஒண்ணு குடுங்க. ஆமாங்க, குண்டடந்தான் வாங்குனேன், பரவாயில்ல, குடுங்க.

பாக்கல. திரும்பியே பாக்கல. பக்கத்துல இருக்கற பொம்பளைகிட்டப் பேசறா. சிரிக்கறா பாருங்க. அவ சிரிக்கறப்ப ஒத்தக் கையால காதைத் தொட்டுக்குவா, கட்டிக்கிட்டு வந்த புதுசுல இருந்து அப்பிடித்தான். இந்த ரெண்டு வருசத்துல அத நான் பாக்கல. இல்ல, அவ சிரிச்சிருப்பா, நான்தான் சாக்கெட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேனோ என்னமோ.

எனக்குப் பயமா இருக்குதுங்க. என்னன்னு தெரியல. லாரிக்கு முன்னாலகூட இப்பிடிப் பயந்ததில்ல.

போயிப் பேசறதுங்களா? பேசலாம். என்னத்தப் பேசறது? வால்வை அலசுனயான்னு கேக்கறதா? அந்தக் காலப் பத்தி இனி நான் கேக்க ஒண்ணுமில்லீங்க. அத உட்டா அவகிட்டப் பேச எனக்கு என்ன இருக்குது? நீங்களே சொல்லுங்க.

தாராபுரம் ஸ்டாண்டு உள்ள திரும்பறான். எல்லாரும் எந்திரிக்கறாங்க. அவ எந்திரிச்சுட்டா. எறங்கறா. எறங்கறதும் அப்பிடித்தான், காலையே பாக்காம எறங்கறா. வண்டியச் சுத்தி இந்தப் பக்கந்தான் வாரா. சித்தெ கம்முனு இருங்க. டிரைவர் எஞ்சினை நிறுத்திப்போட்டான். சன்னலுக்குக் கீழயே வாரா. நான் கைய நீட்டுனா அவ தலை எட்டும்.

கேக்குதுங்களா?

சத்தமே இல்லீங்க. செருப்புச் சத்தம் மட்டுந்தான். ரெண்டு செருப்பும் ஒண்ணுபோலச் சத்தம்.

போயிட்டா. டீக்கடை தாண்டிப் போயிட்டா.

நீங்க எறங்கோணுமில்ல, எடம் உடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும். அப்ப உங்ககிட்ட ஹெல்மெட்டுன்னு சொன்னேன் பாருங்க. கேட்டுச்சுங்க. மாமா, மெதுவாப் போங்கன்னு ரெண்டு தடவ சொன்னா. ரெண்டுமே கேட்டுச்சு. முந்திப்போடலாம்னு நெனச்சேன். லாரிக்காரன் கை காட்டுனானா இல்லையான்னு நான் பாக்கவே இல்ல. மாவுல புடிச்சிருக்கறப்ப அவ கேட்டா பாருங்க, கேக்கலையான்னு, அப்ப உழுந்ததுதான் இந்த எடது வெரல் பள்ளம். கைய எடுத்திருந்தாச் சொல்லியிருப்பேன். எடுக்கக் கூடாதுல்லீங்க, அஞ்சு நிமிசம்.

ஓடிப் புடிச்சரலாம்தான். டீக்கடைக்கு அந்தப் பக்கம்தான் போயிருப்பா. நெம்பத் தூரம் போயிருக்கமாட்டா. இப்ப நல்லா நடக்கறா, இருந்தாலும் எட்டிப் புடிச்சரலாம்.

நீங்க எறங்குங்க, வண்டி எடுக்கறான். பாத்து எறங்குங்க.

கண்டக்டர், ஒட்டஞ்சத்திரம் ஒண்ணு குடுங்க.